துவேஷம் வேண்டாம், உரிமை வேண்டும்

அநீதி இழைத்தோர்மீது துவேஷம் பாராட்டாதிருப்பது கோழைத்தனமென்று தேசத் தொண்டர்களிற் சிலர் கருதுகின்றனர். இது பெரும்பிழை என்பது நமது அபிப்பிராயம். தென்னாப்பிரிக்காவின் சரித்திரமே இதற்குச் சான்று.

நெல்ஸன் மண்டேலா 1962 முதல் 1990 வரை சிறையிலிருந்தார். பலாத்காரத்தைக் கைவிடுவதாக வாக்களித்தால் விடுதலை செய்வதாக 1985-ல் வெள்ளையர் அரசாங்கத்தார் கூறினர். ஜனங்களின் உரிமைக்கு ஈடாகத் தம் விடுதலையைப் பெற அவர் இசையவில்லை. ஆயினும் 1994-ல் ஜனாதிபதியான பின்னர் அவர் பழிவாங்க முற்பட்டாரில்லை. 1964-ல் தமக்கு ஆயுட்காலச் சிறை கிடைத்த வழக்கிலே அரசாங்கத் தரப்பில் வாதாடிய பெர்ஸி யூடாரை, 1995-ல் விருந்துக்கழைத்து உபசரித்தார்.

இதனால் குற்றங்கள் மறைக்கப்பட்டனவா? இல்லை. 1996-ல் விசாரணை தொடங்கிய உண்மை-சமரஸ கமிஷன், அரசியல் நோக்கத்தோடு தாம் செய்த குற்றங்களை ஒளியாமல் ஒப்புக்கொண்டோர்க்கே மன்னிப்பு வழங்கியது. விண்ணப்பித்த சுமார் 7,000 பேரிற் பெரும்பாலோர்க்கு அது மறுக்கப்பட்டது. மறுக்கப்பட்டோரிற் பலர் பின்னர் நீதிமன்றத்தில் நிறுத்தப்படாதது பெருங்குறையே. ஆனால் அக்குறை துவேஷமின்மையால் விளைந்ததன்று. சட்டத்தை நடத்த வேண்டியவர்கள் அதை நடத்தாமையால் விளைந்தது. நீதிக்கு வேண்டுவது உறுதியேயன்றி வன்மம் அன்று.

ஆதலின் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இது: உரிமையைக் கேட்பதில் அணுவளவும் தளராதீர்கள். குற்றத்தைக் குற்றமென்றே சொல்லுங்கள். ஆனால் வெற்றிக்கு மறுநாள், தோற்றவனும் நம்மோடு இதே நாட்டில் வாழவேண்டியவன் என்பதை இன்றே நினைவிற் கொள்ளுங்கள்.