ரத்தம் சிவப்பா, சாம்பலா?

"வீடியோ கேம் ஆடுறவனெல்லாம் நாளைக்குக் கத்தியைத் தூக்குவான்"னு யாராவது சொன்னா உங்களுக்கு சுர்ருனு ஏறுதா? அமெரிக்க கேமர்களுக்கு இந்தக் கோபம் முப்பது வருஷத்துக்கும் மேலே பழசு பாஸ்!

1993 செப்டம்பரில் 'மார்ட்டல் காம்பாட்' வீட்டு கன்சோலுக்கு வந்தது. எதிராளியின் தலையை முதுகெலும்போடு பிடுங்கி எடுக்கிற ஆட்டம். 'நாங்க ஃபேமிலி கம்பெனி'ங்கிற நினைப்பில் இருந்த நின்டெண்டோ, ரத்தத்தைச் சாம்பல் நிற வியர்வையா மாத்திடுச்சு. சேகாவிலோ ஏ-பி-ஏ-சி-ஏ-பி-பின்னு பட்டனைத் தட்டினா ரத்தம் கொட்டும். விற்பனையில் ஜெயிச்சது? சேகாதான். மறுவருஷம் இரண்டாம் பாகம் வந்தப்போ நின்டெண்டோவும் ரத்தத்துக்கு ஓகே சொல்லிடுச்சு!

அதே 1993 டிசம்பரில் செனட்டர் ஜோ லீபர்மன் விசாரணை வெச்சார். 'அரசாங்கம் கத்திரியை எடுக்கிறதுக்குள்ள நாமே முந்திக்குவோம்'னு கம்பெனிகள் 1994-ல் ஆரம்பிச்சதுதான் இ.எஸ்.ஆர்.பி. என்கிற ரேட்டிங் அமைப்பு. 17 வயசுக்கு மேல்னா 'எம்', 18-க்கு மேல்னா 'ஏ.ஓ'. ஒரு வயசுதானே வித்தியாசம்னு நினைக்காதீங்க. 'ஏ.ஓ' முத்திரை விழுந்தா பெரிய கடைகள் அந்த டிஸ்க்கைத் தொடவே தொடாது. ரேட்டிங் போடுறவங்க கேமை முழுசா ஆடிப் பார்த்துட்டா போடுறாங்க? இல்லை. கம்பெனிக்காரங்களே ஃபாரம் நிரப்பி, இருக்கிறதிலேயே மோசமான காட்சிகளை வீடியோவா அனுப்பணும். அதைப் பார்த்துட்டுத்தான் எழுத்து போடுறாங்க.

இதில் ஓட்டை தெரிஞ்சது 2005-ல். 'ஜி.டி.ஏ: சான் ஆண்ட்ரியாஸ்' டிஸ்க்குக்குள்ளே பூட்டி வெச்சிருந்த ஒரு செக்ஸ் மினி கேமை ரசிகர்கள் திறந்துட்டாங்க. 'ஹாட் காஃபி'ன்னு பேர். ஜூலையில் கேம் 'எம்'மிலிருந்து 'ஏ.ஓ'வுக்குப் போச்சு, கடைகள் சரக்கைத் திருப்பி அனுப்பின. கேமர்கள் கேட்ட கேள்வி நியாயமானது: தெருவில் போறவனை மட்டையால் அடிச்சுக் கொன்னப்போ 'எம்', படுக்கையறைன்னதும் 'ஏ.ஓ'வா?

ஆனா "பெட்டி மேலதான் எழுதியிருக்கே, அம்மா அப்பா படிக்கலைன்னா யார் தப்பு?"ங்கிற அவங்க வாதம் எனக்குப் பாதிதான் செரிக்குது. பன்னிரண்டு வயசுத் தம்பி கையில் அந்தப் பெட்டியைக் கொடுக்கிற அண்ணனும் கேமர்தானே!

சட்டமும் வந்து பார்த்துச்சு. வன்முறை கேம்களை 18 வயசுக்குக் கீழே விற்கக் கூடாதுன்னு 2005-ல் கலிஃபோர்னியாவில் கையெழுத்துப் போட்டவர் யார் தெரியுமா? சாட்சாத் 'டெர்மினேட்டர்' அர்னால்டு! 2011-ல் உச்ச நீதிமன்றம் 7-2 கணக்கில் அதைச் செல்லாதுன்னுடுச்சு. தீர்ப்பு எழுதிய நீதிபதி ஸ்காலியா, சூனியக்காரியை அடுப்பில் தள்ளும் ஹான்சல்-கிரெட்டல் கதையை இழுத்தார். குழந்தைக் கதையிலேயே கொலை இருக்கேன்னு!

செனட்டர்கள் மேல இருக்கிற கோபத்தைவிட, கேமர்களுக்கு சொந்த மீடியா மேல இருக்கிற கோபம் சூடானது. 2007 நவம்பரில் 'கேம்ஸ்பாட்' தளத்தின் ஜெஃப் கெர்ஸ்ட்மன், 'கேன் அண்ட் லிஞ்ச்' கேமுக்குப் பத்துக்கு ஆறு மார்க் போட்டார். தளம் முழுக்க அதே கேமின் விளம்பரம்! அந்த மாசமே அவருக்கு வேலை போச்சு. கேமர்கள் கொதிச்சாங்க, சக விமர்சகர்கள் சிலர் தாங்களும் வெளியேறினாங்க. குறைந்த மார்க் போட்ட விவகாரம்தான் காரணம்னு கெர்ஸ்ட்மன் வாய் திறந்தது 2012-ல்தான். அதுவரைக்கும் பேசக் கூடாதுன்னு ஒப்பந்தம்!