இரண்டாவது டிரம்ஸ்: மரத்தை வாங்குவதா, ஒலியை வாங்குவதா?

மயிலாப்பூரில் ஒரு பையனுக்கு இரண்டாவது மிருதங்கம் வாங்க வேண்டுமென்றால் அதற்கென்று ஒரு முறை இருக்கிறது. குரு ஒருவரின் பெயரைச் சொல்லி அனுப்புவார். அவர் சுருதி என்ன என்று கேட்பார், யாருக்கு வாசிக்கப் போகிறாய் என்று கேட்பார், பையனை நான்கு சொற்கட்டு வாசிக்கச் சொல்லிக் கையைப் பார்ப்பார். அதன் பிறகே விலை. அதே தெருவில் டிரம்ஸ் கற்கும் ஒரு பெண்ணுக்கு இரண்டாவது செட் வாங்க வேண்டுமென்றால், அவள் பெற்றோர் கையில் இருப்பவை ஒரு விலைப்பட்டியலும் நான்கைந்து நிறுவனப் பெயர்களும்தான். கையைப் பார்ப்பதற்கு ஆளில்லை. இந்த இடைவெளியில் பணம் எங்கே தவறான இடத்திற்குப் போகிறது என்பதைப் பற்றி எங்கள் கருத்தைச் சொல்ல விரும்புகிறோம்.

முதல் செட் ஆசைக்கு வாங்குவது. மெல்லிய மர உருளைகள், நட்டை முறுக்கினால் வளையும் தாங்கிகள், தகரத்தைத் தட்டியது போன்ற சிம்பல்கள் என்று அது இருப்பதில் குற்றமில்லை. ஓரிரு ஆண்டுகளில் ஒன்று அது பரணுக்குப் போகும், அல்லது கற்பவரின் காது அதைத் தாண்டிப் போகும். காது தாண்டிப்போன இடத்தில்தான் இரண்டாவது செட் பற்றிய பேச்சு எழுகிறது. டிரினிட்டி தேர்வுகளில் மேல்நிலைக்குச் செல்பவர், கல்லூரி இசைக்குழுவில் வாசிப்பவர், ஞாயிறுதோறும் தேவாலயத்தில் வாசிப்பவர், மெல்லிசைக் குழுவில் இடம் தேடுபவர் ஆகியோரே இதன் வாடிக்கையாளர்கள். அறுபதாயிரத்திலிருந்து ஒன்றேகால் லட்சம் ரூபாய் வரை என்று நடுவிலையை வைத்துக்கொள்வோம். நடுத்தரக் குடும்பத்தில் இத்தனை பெரிய தொகை ஒரே ஆசைக்காக இரண்டு முறை எடுத்து வைக்கப்படுவதில்லை. தேர்வு தவறினால் பெரும்பாலும் அத்துடன் வாசிப்பும் நின்றுபோகிறது.

இந்த விலையில் அடிபடும் பெயர்கள் உலகெங்கும் ஏறக்குறைய ஒன்றே. பேர்ல் நிறுவனத்தின் எக்ஸ்போர்ட் 1982இல் வந்தது. இடையில் நிறுத்தப்பட்டு 2013இல் மறுபடி வெளியானது. இன்றைய வடிவில் பாப்லர் மரமும் ஆசிய மகோகனியும் கலந்த ஆறடுக்கு உருளை. யமாஹாவின் ஸ்டேஜ் கஸ்டம் முழுவதும் பிர்ச் மரத்தால் ஆனது. டாமாவின் இம்பீரியல்ஸ்டார் பாப்லர். தாங்கிகளும் சிம்பல்களும் சேர்த்தே பல சந்தைகளில் விற்கப்படுவது. அதே நிறுவனத்தின் சூப்பர்ஸ்டார் கிளாசிக் மேப்பிள். 1842இல் தொடங்கி அண்ணா சாலையில் பல தலைமுறைகளுக்கு மேற்கத்திய வாத்தியங்களை விற்ற மியூஸி மியூசிகலில் கேட்டாலும், இணையத்தில் தேடினாலும், இந்தப் பெயர்களையே சுற்றிச்சுற்றி வருவோம். பிர்ச் தெளிவாகவும் வெட்டாகவும் ஒலிக்கும், மேப்பிள் கதகதப்பாக ஒலிக்கும், பாப்லர் நடுவாந்திரம் என்று விற்பனையாளர் சொல்வார். அவர் சொல்வது பொய்யில்லை. ஆனால் அது உண்மையின் மிகச் சிறிய பகுதி.

டிரம்ஸின் ஒலியை முதலில் தீர்மானிப்பது தோல். அடுத்து அந்தத் தோல் எப்படி முறுக்கப்பட்டிருக்கிறது என்பது. அதற்கடுத்து உருளையின் அளவும், தோல் வந்து அமரும் விளிம்பு எவ்வளவு சீராகச் செதுக்கப்பட்டிருக்கிறது என்பதும். மரத்தின் இனம் இவற்றுக்கெல்லாம் பின்னால் வருகிறது. மேப்பிள் செட்டில் நைந்துபோன தோலைப் போட்டு ஏனோதானோவென்று முறுக்கினால் அது பிளாஸ்டிக் வாளிபோல ஒலிக்கும். பாப்லர் செட்டில் நல்ல தோலைப் போட்டுக் காதுவைத்து முறுக்கினால் மேடையின் கீழே அமர்ந்திருப்பவருக்கு இரண்டையும் பிரித்தறிவது கடினம்.

மிருதங்க உலகம் இதை எப்போதோ அறிந்திருக்கிறது. பலாமரக் கட்டைக்கு அங்கே மதிப்பு உண்டு. நல்ல கட்டை ஒன்று பல பத்தாண்டுகள் உழைக்கும். ஆனால் அந்தக் கட்டையின்மேல் எத்தனையோ முறை தோல் மாறும். வலந்தலையின் நாதம், அதன் நடுவே ஏற்றப்படும் கருஞ்சாந்து, வார்களின் இழுப்பு ஆகிய இவற்றைச் செய்பவரின் கையில்தான் வாசிப்பவரின் பெயரே அடங்கியிருக்கிறது. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்புக்குப் பின்னால் தஞ்சாவூர் பர்லாந்து என்ற கைவினைஞரின் உழைப்பு இருந்தது. டி. எம். கிருஷ்ணாவின் ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ 2020இல் வெளிவந்தபோது இந்தக் குடும்பங்களின் பெயர்கள் பொதுவெளிக்கு வந்தன. அந்நூலின் வெளியீட்டுக்குக் கொடுத்த அரங்க அனுமதியைக் கலாக்ஷேத்ரா விலக்கிக்கொண்டதும், விழா தரமணி ஆசிய இதழியல் கல்லூரிக்கு மாறியதும் வாசகர்கள் நினைவில் இருக்கும். தோலைத் தொட்டு வேலைசெய்தவரை மறைத்துவைத்தது நமது சமூகம். என்றாலும், நாதம் தோலிலிருந்துதான் பிறக்கிறது என்பதை வித்வான்கள் ஒருபோதும் மறந்ததில்லை.

டிரம்ஸில் அந்தக் கைவினைஞர் இல்லை. 1950களின் பிற்பகுதியில் ரெமோ பெல்லியும் சிக் எவான்ஸும் பாலியெஸ்டர் படலத்தால் ஆன தோல்களைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு, விலங்குத் தோல் மெல்ல மறைந்தது. காற்றின் ஈரத்தில் தளராத தோல் என்பது சென்னை போன்ற கடற்கரை நகருக்குப் பெரிய வரம்தான். அதே மாற்றம் இன்னொன்றையும் செய்தது. தோலை மாற்றுவதும் சுருதி கூட்டுவதும் வாசிப்பவரின் சொந்த வேலையாயின. ஒரு சிறு சாவி, ஆறோ எட்டோ திருகாணிகள். ஒவ்வொன்றுக்கும் அருகே தட்டிப்பார்த்து, எதிரெதிராகச் சிறிது சிறிதாக முறுக்கி, எல்லாப் புள்ளிகளும் ஒரே குரலில் பேசும்வரை பொறுமையாக இருக்க வேண்டும். இரண்டாவது செட் வாங்குகிறவர்களில் பலர் இதைக் கற்பதில்லை. கற்பிப்பவர்களும் நேரம் ஒதுக்குவதில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்த தோலையே ஆண்டுக்கணக்கில் அடித்துவிட்டு, ஒலி சரியில்லை என்று அடுத்த செட்டுக்கு ஆசைப்படுகிறார்கள். எங்கள் முதல் கருத்து இதுவே: புதிய செட்டைப் பற்றி முடிவெடுக்கும் முன் பழைய செட்டுக்கு நல்ல தோல்களை வாங்கிப் போட்டு, சுருதி கூட்டக் கற்று, ஒரு மாதம் வாசித்துப் பாருங்கள். சிலருக்கு இரண்டாவது செட்டே தேவைப்படாது. தேவைப்படுகிறவர்களுக்கு எது தேவை என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது கருத்து சிம்பல்களைப் பற்றியது. தோலை முறுக்கித் திருத்தலாம். சிம்பலைத் திருத்த வழியில்லை. அது எந்த உலோகத்தில் பிறந்ததோ அந்த ஒலிதான் கடைசிவரை. முதல் செட்டோடு இலவசமாக வருபவை பெரும்பாலும் பித்தளை, அதாவது செம்பும் துத்தநாகமும். நல்ல சிம்பல்கள் வெண்கலம், செம்பும் வெள்ளீயமும். நூற்றுக்கு எட்டுப் பங்கு வெள்ளீயம் கலந்தவை ஒரு தரம். இருபது பங்கு கலந்தவை மேல்தரம். பாத்திரத்தைச் சுண்டிப்பார்த்தே பித்தளையா வெண்கலமா என்று சொன்ன பாட்டிகள் நமக்கு இருந்தார்கள். கோயில் மணியின் கார்வையைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆனால் எல்லாம் சேர்ந்த செட் என்ற விளம்பரத்தைக் கண்டதும் அந்தக் காதைக் கழற்றி வைத்துவிடுகிறோம். வெண்கலக் கடையில் யானை புகுந்தாற்போல என்று டிரம்ஸைப் பழிப்பவர்கள் உண்டு. அந்தப் பழியில் பாதி பித்தளைச் சிம்பல்களுக்குரியது. மேற்கத்திய இசைக்குழுவில் காலத்தைச் சொட்டுச்சொட்டாக அளந்து தருவது ஹை-ஹாட்டும் ரைடு சிம்பலும்தான். கேட்பவர் காதில் இடைவிடாமல் விழுவதும் அவையே. ஆகவே பணத்தில் மூன்றில் ஒரு பங்கையாவது சிம்பல்களுக்கு ஒதுக்காத தேர்வு எங்கள் பார்வையில் அரைகுறையானது.

மூன்றாவது, இடம். தியாகராய நகரிலோ அடையாறிலோ அடுக்ககத்தில் வாழ்பவருக்கு மரமும் உலோகமும் பிறகு வரும் கேள்விகள். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்கு அனுமதிக்கும் அளவு பகலில் 55 டெசிபல், இரவு பத்து மணிக்கு மேல் 45. முழு வீச்சில் வாசிக்கப்படும் டிரம்ஸ் அறைக்குள் 100 டெசிபலை எளிதாகத் தாண்டும். மேல்வீட்டில் ஒரு முதியவர், பக்கத்து வீட்டில் பொதுத்தேர்வுக்குப் படிக்கும் மாணவி என்று நான்கு சுவர்களுக்கு அப்பாலும் மனிதர்கள் இருக்கிறார்கள். இதனால்தான் பலர் மின்னணு டிரம்ஸ் பக்கம் சாய்கிறார்கள். அந்தச் சாய்வில் நியாயம் உண்டு. ஆனால் மின்னணு செட் தருவது, எங்கோ ஓர் உயர்ந்த பதிவுக்கூடத்தில் யாரோ சுருதி கூட்டிய டிரம்ஸின் ஒலியை. எவ்வளவு கரடாக அடித்தாலும் அது அழகாகவே பதில் சொல்லும். இரண்டு கைகளுக்கும் காலுக்கும் இடையே ஒலியளவைத் தானே சமன்செய்யும் கலையை அது கற்றுத்தராது. கால் பெடலின் அதிர்வு தரைவழியே கீழ்வீட்டுக்குப் போகும் என்பதையும் வாங்கிய பிறகே பலர் அறிகிறார்கள்.

நடுவழி ஒன்று இருக்கிறது. மர டிரம்ஸையே வாங்கி, வீட்டில் வாசிக்கும்போது அவற்றில் வலைத்தோல்களையும் துளையிட்ட தாழொலிச் சிம்பல்களையும் பொருத்தலாம். அடியில் தடித்த மெத்தை விரிப்பு ஒன்று போதும். உண்மையான தோல்களும் வெண்கலமும் ஒத்திகைக் கூடத்துக்கும் மேடைக்கும். சிறிய கான்கிரீட் அறைக்கு 22 அங்குலப் பேஸ் டிரம் மிகை; 20 அங்குலமோ 18 அங்குலமோ போதுமானது. ஆட்டோவிலும் அது ஏறும். பெசன்ட் நகர், சாந்தோம் போன்ற கடலோரப் பகுதிகளில் உப்புக்காற்று தாங்கிகளின் குரோமியப் பூச்சை அரிக்கும். வாரம் ஒருமுறை துணியால் துடைக்காத செட் பளபளப்பை எத்தனை விலை கொடுத்து வாங்கினாலும் தங்காது.

சிவமணி சூட்கேஸிலும் தண்ணீர்க் கேனிலும் வாசித்து அரங்கைக் கட்டிப்போடவில்லையா, பிறகு செட்டைப் பற்றி இத்தனை ஆராய்ச்சி எதற்கு என்று ஒருவர் கேட்கலாம். நல்ல கேள்வி. நோயல் கிராண்டையும் பில்லி காப்ஹாமையும் முன்னோடிகளாகக் கொண்டு, திருத்தமான கருவிகளில் பல்லாண்டு காதைத் தீட்டிய பிறகே சூட்கேஸுக்குள் இருக்கும் நாதம் அவருக்குக் கேட்டது. கற்பவருக்கு அந்தக் காது இனிமேல்தான் உருவாக வேண்டும். தன் தவறைத் தனக்கே திருப்பிச் சொல்லும் கருவி அவருக்குத் தேவை.

இதில் ஒரு வாழ்வாதாரக் கேள்வியும் உண்டு. நோயல் கிராண்ட் போன்றவர்கள் கோடம்பாக்கத்தின் பதிவுக்கூடங்களில் நேரடியாக வாசித்த காலம் ஒன்று இருந்தது. 1986இல் ‘புன்னகை மன்னன்’ படத்தில் இளையராஜா சீக்வென்ஸரைப் பயன்படுத்தினார். 1992இல் ‘ரோஜா’வுக்குப் பிறகு கணினியில் நிரல்படுத்தப்பட்ட தாளம் திரையிசையின் பொதுவழக்காகவே ஆனது. அதனால் இசைக்கு நேர்ந்த நன்மைகளை மறுப்பதற்கில்லை. ஆனால் இன்று ஒரு மனித டிரம்ஸ் கலைஞரை யாரேனும் அழைக்கிறார்கள் என்றால், பிசகாத தாளத்துக்காக அழைப்பதில்லை; அதை இயந்திரம் குறைந்த செலவில் தருகிறது. பாடகர் மூச்சு வாங்கும் இடத்தில் தானும் தணிந்து, அரங்கின் எதிரொலிக்கேற்பக் கையை அடக்கி, கேட்டு வாசிப்பவர் என்பதற்காகவே அழைக்கிறார்கள். கேட்கக் கற்காத கலைஞருக்கு இனி இடமில்லை. இரண்டாவது செட் அந்தக் கேட்கும் பழக்கத்தை வளர்க்கிறதா, கெடுக்கிறதா என்பதே எங்கள் அளவுகோல்.

ஆகவே, நேரடியாகச் சொல்லிவிடுகிறோம். பழைய தாங்கிகள் உறுதியாக இருந்தால் அவற்றை வைத்துக்கொண்டு உருளைகளை மட்டும் வாங்குங்கள். ஒரு பெயரைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால், சிறிய அளவில் ஸ்டேஜ் கஸ்டம் எங்கள் தேர்வு. ஒலிப்பதிவிலும் சிறு அரங்கிலும் பிர்ச்சின் தெளிவு கற்பவருக்குத் தன் பிழையைக் காட்டிக்கொடுக்கும். தாங்கி முதல் எல்லாமே புதிதாகத் தேவைப்படுகிறவருக்கு எக்ஸ்போர்ட் நேர்மையான செட். மொத்தப் பணத்தில் பாதிக்கு மேல் உருளைகளுக்குக் கொடுக்காதீர்கள். அந்தக் கணக்குக்குப் புதியது எட்டாவிட்டால் பயன்படுத்தியதை வாங்கலாம். தோலைக் கழற்றி, உருளையைச் சமையலறைக் கிரானைட் மேடையில் கவிழ்த்து, உள்ளே ஒரு விளக்கை வைத்துப் பாருங்கள். விளிம்பின் அடியில் ஒளி கசியாவிட்டால் அந்த உருளை இன்னும் இருபது ஆண்டு உழைக்கும். மிச்சப் பணம் வெண்கலத்துக்கும் தோல்களுக்கும் முதுகைக் காக்கும் நல்ல இருக்கைக்கும் போகட்டும்.

அதன் பிறகும் ஒன்று மிச்சமிருக்கிறது. மிருதங்கக்காரருக்குக் கைவினைஞர் செய்து தருவதை டிரம்ஸ்காரர் தன் கையால் செய்துகொள்ள வேண்டியிருக்கிறது. கடையிலிருந்து வீட்டுக்கு வருவது மரமும் உலோகமும் மட்டுமே. அவற்றை வாத்தியமாக்கும் பொறுப்பு, அந்தச் சிறு சாவியோடு சேர்த்து, வாங்கியவரின் கையில்தான் கொடுக்கப்படுகிறது.