மதிப்பூதியம் என்னும் ஏமாற்று

சத்துணவின் தரத்தை நாம் எப்போதும் கிராம் கணக்கில்தான் பேசுகிறோம். 2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், தொடக்கப் பள்ளிக் குழந்தையின் மதிய உணவில் 450 கலோரியும் 12 கிராம் புரதமும் இருக்க வேண்டும் என்கிறது. நல்லது. அதைக் கிளறி இறக்குபவளுக்கு என்ன கூலி என்ற கேள்வி அந்த அட்டவணையில் இல்லை.

எறையூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. கரும்பு வெட்டவும் மக்காச்சோளம் ஒடிக்கவும் பருத்தி எடுக்கவும் பெண்கள் விடியலிலேயே கிளம்பிவிடும் பகுதி இது. வெறும் வயிற்றோடு பள்ளிக்கு வரும் பிள்ளையைக் காட்டி, “அம்மாவுக்குப் பொறுப்பில்லை” என்பவர்களை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். அப்பனுக்குப் பொறுப்பு உண்டா என்று ஒருவரும் கேட்பதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய காலை உணவுத் திட்டத்தை நான் வரவேற்பது இதனால்தான். பிள்ளையின் பசி அரசின் கடமை என்று அது ஒப்புக்கொண்டது.

அந்தக் கடமை யார் தலையில் இறங்கியது? மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் தலையில். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவுத் திட்டத்தில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற பெண்களுக்கும் வேலை கிடைத்தது. நாற்பது ஆண்டு கழித்தும் சத்துணவு ஊழியர்கள் முறையான காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் நின்றார்கள். சமையல் உதவியாளருக்கு ஒன்றிய அரசு 2009-இல் நிர்ணயித்தது மாதம் 1,000 ரூபாய், அதுவும் ஆண்டுக்குப் பத்து மாதம்தான். அதற்குப் பெயர் மதிப்பூதியம். ஊதியம் என்றால் உரிமை வந்துவிடுமே!

கூலியோடு சாதியும் அடுப்படியில் நிற்கிறது. 2018-இல் திருப்பூர் மாவட்டம் திருமலைக்கவுண்டன்பாளையத்தில், அருந்ததியர் பெண் சமைக்கக் கூடாது என்று ஆதிக்க சாதியினர் தடுத்தார்கள். அதிகாரிகள் முதலில் செய்த காரியம், அவரை இடம் மாற்றியது. போராட்டத்திற்குப் பிறகே அந்த ஆணை திரும்பியது.

இதற்கும் சத்துக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். காய்கறி விலை ஏறும் வாரத்தில் ஒதுக்கீடு ஏறாவிட்டால், ஒன்று குழம்பு நீர்த்துப்போகும். இல்லை, சமைப்பவள் கைக்காசு போட வேண்டும். கைக்காசே இல்லாதவளிடம் தாயுள்ளத்தை எதிர்பார்ப்பது சுரண்டல்.

2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. இன்று தட்டேந்தி நிற்கும் சிறுமி நாளை அந்தக் கணக்கில் சேரக் கூடாது. அவள் தட்டில் கீரையும் முட்டையும் குறையாமல் விழ வேண்டும். ஒதுக்கீடு சந்தை விலையோடு ஏற வேண்டும். சமைப்பவள் முழு ஊதியம் பெறும் அரசு ஊழியராக வேண்டும். மூன்றையும் சேர்த்தே கேட்போம்.