மலையைக் கூறுபோட்ட கோடு

தீர்த்தமலையில் இராமன் அம்பு எய்தானாம், பாறை பிளந்ததாம், நீர் கொட்டியதாம். பாறை இடுக்கில் மழைநீர் ஊறிக் கசிவதற்கு அம்பு எதற்கு என்று கேட்டால் நாத்திகன் என்பார்கள். போகட்டும். அந்த மலையடிவாரத்தில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லும் நாம் இங்கே பேச வந்தது, அம்பைப் பற்றியன்று. ஒரு கோட்டைப் பற்றி. கடவுள் போட்ட கோடு போல் மக்கள் அதை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். போட்டவர்களோ மனிதர்கள்!

நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான தொகுதி மறுவரையறை ஆணையம் கிழித்த கோடு அது. 2008-இல் நடைமுறைக்கு வந்தது. மொரப்பூர் சட்டமன்றத் தொகுதி மறைந்தது, பாப்பிரெட்டிப்பட்டி பிறந்தது, கள்ளக்குறிச்சி மக்களவைத் தொகுதி உருவாயிற்று. 2009 முதல் நான்கு மக்களவைத் தேர்தல்கள் நடந்து முடிந்தன. தருமபுரியில் தாமரைச்செல்வன், அன்புமணி, செந்தில்குமார், மணி. கள்ளக்குறிச்சியில் ஆதிசங்கர், காமராஜ், கவுதம சிகாமணி, மலையரசன். கொடி மாறிற்று, கோடு மாறவில்லை.

அந்தக் கோட்டைக் கரும்பலகையில் வரைந்து பார்த்தோம். 234 சட்டமன்றத் தொகுதிகளை 39 மக்களவைத் தொகுதிகளுக்குப் பங்கிட்டால், ஒன்றுக்கு ஆறு. தருமபுரி மாவட்டத்தில் இருப்பதோ ஐந்து: பாலக்கோடு, பென்னாகரம், தருமபுரி, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர். ஆறாவதற்குச் சேலம் மாவட்டத்து மேட்டூரை இழுத்து வந்து ஒட்டினார்கள். கணக்கு நேராயிற்று.

மலைகளை வரைந்தபோதுதான் சுண்ணக்கட்டி நின்றது. சித்தேரி மலை தருமபுரித் தொகுதியில். அதை அடுத்த கல்வராயன் மலை கள்ளக்குறிச்சியில். சேலம் நகரின் தலைமாட்டில் நிற்கும் ஏற்காடும் கள்ளக்குறிச்சியில்! கொல்லிமலை நாமக்கல்லில். சவ்வாது மலையின் பெரும்பகுதி திருவண்ணாமலையில். இத்தனை மலைகளிலும் வாழ்பவர்கள் ஒரே இனத்தவர், மலையாளிப் பழங்குடியினர். (பெயரைக் கண்டு கேரளத்தார் என மயங்கவேண்டா, தமிழ் பேசும் மலைவாழ் மக்கள்.) 2001 கணக்கெடுப்பில் மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர். தமிழ்நாட்டுப் பழங்குடிகளுள் பெருங்கூட்டம் அவர்களே. நான்கு தொகுதிகளில் சிதறிவிட்டதால், நான்கிலும் சிறுபான்மையினும் சிறுபான்மை.

மாவட்ட எல்லையை மதிக்கவேண்டாமா என்று ஒரு பெரியவர் நம்மைக் கேட்டார். மேட்டூருக்காக மீறிய எல்லை, ஏற்காட்டுக்காக மீறிய எல்லை, சித்தேரியையும் கல்வராயனையும் ஒன்றுசேர்க்க மட்டும் மீறக்கூடாததாகிவிட்டதா? சமவெளிக்கு வளையும் கோடு மலைக்கு வளையாதா?

தனித்தொகுதி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, எவ்வளவு என்று பாருங்கள். மாநில மக்களில் பழங்குடியினர் நூற்றுக்கு ஒருவர். 39-இல் ஒரு பங்கு கணக்கிட்டால் 0.4. அதை எடுத்து எறிந்துவிட்டுச் சுழி என்று எழுதினார்கள். நாடாளுமன்றத்துக்குத் தமிழ்நாட்டிலிருந்து பழங்குடியினருக்கென ஒதுக்கிய இடம் ஒன்றுகூட இல்லை. சட்டமன்றத்தில் ஏற்காடு, சேந்தமங்கலம், உப்பிலியபுரம் என மூன்று இருந்தன. 2008 கோட்டில் உப்பிலியபுரம் காணாமற்போயிற்று. அன்று எத்தனை ஊர்வலம் நடந்தது? எத்தனை மேடை முழங்கிற்று?

இங்கேதான் நம் தோழர்களிடம் கசப்பான பேச்சு ஒன்று பேசவேண்டியிருக்கிறது. நாட்டு மக்கள்தொகையில் நம் பங்கு குறைந்ததென்று 1967-இல் நம் மாநிலத்தின் மக்களவை இடங்கள் 41-லிருந்து 39 ஆயின. அந்தக் காயம் மீண்டும் நேரக்கூடாதென்று 2025 மார்ச் 22-இல் பல மாநிலத் தலைவர்கள் சென்னையில் கூடினார்கள். தலைகளை மட்டும் எண்ணாதே, உரிமையையும் எண்ணு என்றார்கள். நூற்றுக்கு நூறு நியாயம்! நாமும் அந்த வாதத்தை ஊர் ஊராகப் பேசினோம். ஆனால் தில்லியை நோக்கி நாம் தொடுக்கும் அதே வினாவைச் சித்தேரிக்காரன் நம்மை நோக்கித் தொடுத்தால் என்ன விடை வைத்திருக்கிறோம்? எண்ணிக்கையில் சிறுத்தவன் குரலற்றவன் என்பது தில்லி சொன்னால் கொடுமை, நாம் சொன்னால் கணக்கா?

குரலற்றுப் போவதன் விலை என்ன என்பதற்கு நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. சித்தேரி அடிவாரத்து வாச்சாத்தியில் 1992 சூன் 20-இல் வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் புகுந்தனர். வீடுகளைச் சூறையாடினர், 18 பெண்களைச் சீரழித்தனர். குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகளெனத் தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2011-இல். உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். முப்பத்தோராண்டு! வசதி படைத்த சமவெளி ஊரில் இது நடந்திருந்தால், நாடாளுமன்றம் ஒரு நாளாவது அமைதியாக நடந்திருக்குமா?

ஒரே தொகுதியில் திரண்டாலும் அவர்கள் பெரும்பான்மை ஆகிவிடமாட்டார்கள், அறிவோம். ஆனால் 2024-இல் தருமபுரியின் வெற்றி தோல்வியைத் தீர்மானித்தது 21,300 வாக்கு. சித்தேரி, கல்வராயன், சேர்வராயன் மூன்றும் ஒரே தொகுதிக்குள் இருந்தால், அந்த மலைகளை மறந்து எந்தக் கட்சி வேட்பாளரை நிறுத்தும்?

மறுவரையறை ஆணையம் தன் வரைவை வெளியிட்டு, பொது அமர்வு நடத்தி, மறுப்புரை கேட்கவேண்டும் என்பது சட்டம். அடுத்த ஆணையத்தின் அமர்வு மாவட்டத் தலைநகர மண்டபத்தில் மட்டும் நடக்கக்கூடாது. மலைமேல் சித்தேரியிலும் நடக்கவேண்டும். நடத்த மறுத்தால், மலைமக்களோடு நாமே மண்டபத்துக்குப் போவோம். கரும்பலகையில் வரைந்த படத்தை மாணவர்கள் காகிதத்தில் எழுதி வைத்திருக்கிறார்கள்.