பாயும் கயிறும் புகட்டும் பாடம்

கடலிற் செல்லும் கலத்திற்கு மரம் உடலென்றால், பாயும் கயிறும் அதன் உயிர் எனலாம். அவ்வுயிரைத் தன் கையாலேயே ஆக்கிக்கொள்ளும் சமுதாயம் பிறரிடம் கையேந்தி நிற்பதில்லை. பசிபிக் பெருங்கடலில் உள்ள சத்தவால் என்னும் சிறு தீவு இதற்குச் சான்று.

மைக்ரோனீசியாவைச் சேர்ந்த அத்தீவினர் ஈரப்பலா மரத்தில் தோணி செய்தனர். தென்னை நாரைத் திரித்துக் கயிறாக்கினர். தாழையினத்து ஓலையை முடைந்து பாயாக்கினர். பலகைகளை ஆணியின்றிக் கயிற்றாலேயே பிணைத்தனர். தோணியின் ஒரு பக்கத்தில் அமைந்த மிதவைக்கட்டை எப்போதும் காற்று வரும் பக்கமே இருத்தல் வேண்டும். ஆகவே, எதிர்காற்றில் போக்கை மாற்றுங்கால் பாயின் அடிமுனையைத் தோணியின் மறுகோடிக்குக் கொண்டுசென்று கட்டுவர். முன்புறம் பின்புறமாகிவிடும்! ஏட்டில் எழுதாது கையிலும் நாவிலும் காத்த நுட்பம் இது.

அத்தீவில் 1932இல் பிறந்தவர் மாவ் பியாய்லுக். பாலினீசியரின் முன்னோர் திசையறிந்து கடல் கடந்தவரல்லர், காற்றால் அடித்துச் செல்லப்பட்டவரே என்று ஆராய்ச்சியாளர் சிலர் கூறிவந்த காலம் அது. அக்கூற்றைச் சோதிக்க விழைந்த ஹவாய்த் தீவினர் 1975இல் 'ஹோகுலேயா' என்னும் இரட்டைத் தோணியைக் கடலில் இறக்கினர். ஆனால், அதனைக் கருவியின்றிச் செலுத்த வல்லார் அங்கு ஒருவரும் எஞ்சவில்லை. மாவ் அழைக்கப்பட்டார். 1976 மே 1ஆம் நாள் புறப்பட்ட தோணி, விண்மீனும் அலையும் பறவையும் வழிகாட்ட, ஜூன் 4ஆம் நாள் தகிதித் தீவை அடைந்தது.

இதனினும் பெரிது அவர் பின்னர்ச் செய்த செயல். குடிவழியாகக் காக்கப்பட்ட கல்வியை அயலாருக்கு வழங்குதல் மரபன்று. தம் தீவின் இளைஞர் அதனைக் கைவிடுவது கண்ட அவர், ஹவாய் இளைஞருக்கு அதனைக் கற்பித்தார். அவர்தம் மாணவர் நைனோவா தாம்சன் 1980இல் தகிதி வரை சென்று மீண்டார். மாவ் 2010இல் மறைந்தார்; கல்வி மறையவில்லை.

ஹோகுலேயாவின் உடல் ஒட்டுப்பலகையும் கண்ணாடியிழையும் கொண்டது, பாய் துணியாலானது. எனவே, காக்கப்பட வேண்டியது பழம்பொருள் மட்டுமன்று, அறிவே என்பது தெளிவு.

நம் நிலை யாது? இரட்டையுடற் கலத்தை ஆங்கிலம் அழைப்பது நம் 'கட்டுமரம்' என்ற சொல்லால். படுக்கும் பாயையும் கலத்தின் பாயையும் ஒரே சொல்லால் வழங்குவது நம் மொழி. பாயை ஏற்றும் கயிறு ஆஞ்சான். அதன் கீழ்முனையைப் பிணிக்கும் கயிறு தாமான். பாயைத் தாங்கும் குறுக்குமரம் பருமல். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றுக்கும் திசைதோறும் பெயருண்டு. இச்சொற்களை நம் மாணவருள் எத்தனை பேர் அறிவர்?

இயந்திரப் படகு வேண்டாவென்று நாம் கூறவில்லை. அது மீனவரின் உழைப்பைக் குறைத்தது. எனினும், பாய் இறங்கிய கரையில் அதனோடு பிறந்த சொற்களும் இறங்கிவிடுகின்றன. சங்க நூல்களில் நாவாயும் திமிலும் கற்பிக்கும் தமிழ்த்துறைகள், கரையில் வாழும் முதியோரின் சொற்களையும் கற்க வேண்டாவா?

மாணவர்கள் விடுமுறையில் கடற்கரை ஊர்களுக்குச் செல்லட்டும்; முதியோரின் அருகமர்ந்து ஒவ்வொரு முடிச்சையும் கட்டிப் பழகி, அதன் பெயரை ஏட்டில் குறிக்கட்டும். பெரியோரும் தாம் அறிந்ததை மறைக்காது வழங்கட்டும். கேட்பாரின்றி ஒரு முதியவர் மறையும்போது ஓர் அகராதியே கடலில் மூழ்குகிறது. அதற்குமுன் நாம் கரைக்குச் செல்வோமாக!