மூன்று வாரத்தில் ஒரு ஞானஸ்நானம்!

பெண் கத்தோலிக்கம். மாப்பிள்ளை இந்து. லவ் மேரேஜ். கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போகும் நேரத்தில் பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர் சொல்வார்: "தம்பிக்கு ஞானஸ்நானம் கொடுத்துட்டா பிரச்சனை முடிஞ்சுது." அப்புறம் என்ன? உபதேசியாரிடம் மூன்று ஞாயிறு வகுப்பு, தலையில் தண்ணீர், புதுசாக ஒரு பெயர், அடுத்த வாரம் தாலி. சுபம்!

இதற்குப் பெயர் மனமாற்றம் இல்லை, மோசடி என்கிறேன். கோபப்படாமல் மேலே படியுங்கள்.

இப்படிச் செய்யச் சொல்லித் திருச்சபை கேட்கவே இல்லை. ஆதிச் சபையில் வயதுவந்தவர்களை மூன்று வருஷம் வரைகூட காக்க வைத்தார்கள். நடுவில் வழக்கொழிந்துபோன அந்த முறையை மீட்டுக் கொண்டுவரச் சொன்னது இரண்டாம் வத்திக்கான் சங்கம், 1963ல். அதற்கான சடங்கு நூல் 1972ல் வந்தது. முதலில் விசாரிக்கும் காலம். பிறகு சபை முன்னிலையில் ஏற்றுக்கொள்ளும் சடங்கு. அதன் பின் நீண்ட மறைக்கல்வி. தவக்காலத்தின் முதல் ஞாயிறு பெயர்ப் பதிவு. 3, 4, 5ஆம் ஞாயிறுகளில் மனதைச் சோதித்துப் பார்க்கும் சடங்குகள். ஈஸ்டர் இரவில்தான் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், நற்கருணை மூன்றும். அதோடும் முடியாது, பெந்தகோஸ்தே வரை வகுப்பு உண்டு.

1983ஆம் வருடத் திருச்சபைச் சட்டமும் இதையே சொல்கிறது. வயதுவந்தவர் தானே விரும்பிக் கேட்க வேண்டும், போதுமான அளவு கற்றிருக்க வேண்டும், கிறிஸ்தவ வாழ்க்கையில் பழக்கப்பட்டுச் சோதிக்கப்பட்டிருக்க வேண்டும் (865). மனசாட்சிக்கு விரோதமாக யாரையும் கட்டாயப்படுத்தக் கூடாது (748). சாகக் கிடப்பவருக்கு விதிவிலக்கு உண்டு. கல்யாண மண்டபம் புக் பண்ணியவருக்கு எந்த விதிவிலக்கும் எழுதி வைக்கவில்லை :-)

"மாறாவிட்டால் கோயிலில் கல்யாணம் நடக்காதே?" யார் சொன்னது? ஞானஸ்நானம் பெறாதவரை மணக்க விதிவிலக்கு அனுமதி கேட்கலாம் (1086). பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்க முடிந்ததைச் செய்வேன் என்று வாக்குத் தர வேண்டியது கத்தோலிக்கத் தரப்புதான். மற்றவருக்கு அதைத் தெரியப்படுத்தினால் போதும். 1872ஆம் வருட இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டமும் இருவரில் ஒருவர் கிறிஸ்தவராக இருந்தாலே பொருந்தும். ஆக, அவசரம் சாமிக்கும் இல்லை, சட்டத்துக்கும் இல்லை. சொந்தக்காரர்களுக்குத்தான்.

இப்போது கணக்குக்கு வருகிறேன், காமர்ஸ் மாணவன் இல்லையா! மாப்பிள்ளை தலித் என்று வையுங்கள். 1950ஆம் வருட ஜனாதிபதி ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு மட்டும். 1956ல் சீக்கியரையும் 1990ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவர் இன்றும் வெளியேதான். தமிழ்நாட்டில் அவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவார். அந்த ஆணை அநியாயம் என்பது வேறு கட்டுரை. ஆனால் இவ்வளவு பெரிய விஷயத்தை அந்த மூன்று ஞாயிறுகளில் யாராவது அவரிடம் உட்கார வைத்துச் சொன்னார்களா? தெரிந்தே, எனக்கு இந்த விசுவாசம் போதும் என்று வருகிறவர் வீரர். தெரியாமல் வருகிறவர் ஏமாற்றப்பட்டவர்.

"பால் பவுடருக்கு மதம் மாற்றுகிறார்கள்" என்று ஏசுகிறவர்களுக்கும் தீனி போடுவது இந்த அவசரம்தான். 2002ல் இங்கே கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்தபோது தெருவுக்கு வந்து எதிர்த்தோம். 2004ல் அரசே பின்வாங்கியது. மனசாட்சிச் சுதந்திரம் கேட்டு வாங்கிய நாமே வீட்டுக்குள் மாப்பிள்ளையின் மனசாட்சியை நெருக்கலாமா?

தேவசகாயத்தை நினைத்துப் பாருங்கள். திருவிதாங்கூர் அரச சேவையில் இருந்த நீலகண்ட பிள்ளை. கேட்ட உடனே தண்ணீர் ஊற்றிவிடவில்லை. மாதக்கணக்கில் கற்பித்த பிறகே 1745 மே 14 அன்று வடக்கன்குளத்தில் ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அப்படி வந்தவர் 1752ல் சுட்டுக் கொல்லப்படும் வரை அசையவில்லை. 2022ல் புனிதர் ஆனார்.

"கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிப்ட் பார்க்கிற பையன் ஒரு வருஷம் எப்படி வகுப்புக்கு வருவான்?" நியாயமான கேள்வி. இந்த வாரம் ஏ ஷிப்ட், அடுத்த வாரம் சி ஷிப்ட், ஞாயிறும் ஓவர்டைம். அதற்குப் பதில் வகுப்பைக் குறைப்பதல்ல, வகுப்பை அவனிடம் கொண்டுபோவது. செவ்வாய் மாலை வையுங்கள், லைன் வீட்டு வாசலில் வையுங்கள். திருவள்ளூர் பக்கமும் இதே கதைதான். மீட்டிங்குக்கும் திருவிழாவுக்கும் ஆள் சேர்க்கத் தெரிந்த பங்குகளுக்கு இது தெரியாதா?

ஆகவே பெரியவர்களே, கல்யாணத்தை அனுமதி வாங்கி நடத்துங்கள். ஞானஸ்நானத்தைத் தனியாக விடுங்கள். இரண்டு வருஷம் கழித்து அவரே வந்து கேட்டால் கொடுங்கள். கேட்காவிட்டால் அவர் மாப்பிள்ளையாகவே இருந்துவிட்டுப் போகட்டும். நல்ல இந்து மாப்பிள்ளை, பொய்க் கிறிஸ்தவரை விட மேல்.