நூற்பூசணியும் நம் வீட்டுத் தட்டும்

ஊருக்கு ஊர் உணவு வேறுபடினும், மாவை நூலாக்கி உண்ணும் ஆசை உலகிற் பல நாட்டாருக்கும் பொதுவாக இருக்கின்றது. இத்தாலியர் கோதுமையை ஸ்பகெட்டி ஆக்கினர். சீனர் நூடில்ஸ் ஆக்கினர். நாம் அரிசிமாவை இடியப்பம் ஆக்கினோம். இன்றோ இம்மூன்றும் நம் கரையோர ஊர்களில் ஒரே அடுக்களையிற் கூடிவிட்டன. திருக்கோவிலிலும் தம்பிலுவிலிலும் காலையில் இடியப்பம். பிள்ளைகள் பாடசாலையால் வந்ததும் நூடில்ஸ். அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ விருந்தென்று போனால் மக்கரோனி. நாவுக்கு இது நல்ல காலந்தான். உடலுக்கும் அவ்வாறோ என்பதையே இவ்வாரம் சிந்திக்க விரும்புகின்றோம்.

2018, 2019ஆம் ஆண்டுகளில் நம் நாடு முழுவதிலும் நடத்தப்பெற்ற ஓர் ஆய்வு, வளர்ந்தோரில் நூற்றுக்கு ஏறத்தாழ 23 பேருக்கு நீரிழிவு உண்டெனக் கண்டது. நம்மவர் 'சீனி வருத்தம்' என்று சொல்லும் அந்நோயே இது. நோயின் வாசற்படியில் நிற்போர் இன்னும் நூற்றுக்கு 30 பேரளவில் இருந்தனர். நால்வர் இருந்துண்ணும் ஒரு குடும்பத்தில் ஒருவரேனும் இவ்விரு கூட்டத்துள் ஒன்றிற் சேர்ந்திருத்தல் இன்று வியப்பன்று. ஆகவே தட்டில் எவ்வளவு மாச்சத்து விழுகின்றது என்பது வைத்தியருக்கு மட்டும் உரிய கேள்வி அன்று. அகப்பை பிடிப்போர் ஒவ்வொருவருக்கும் உரிய கேள்வி.

மேனாட்டார் இதற்கு ஒரு மாற்று வழி கூறுவர். மாவினால் ஆன நூலை விடுத்து, காயினால் ஆன நூலை உண்ணுங்கள் என்பது அவர் அறிவுரை. அக்காயை அவர் ஸ்பகெட்டி ஸ்குவாஷ் என்பர். நாம் இங்கே அதனை நூற்பூசணி என்று அழைப்போம். பார்வைக்கு மஞ்சள் நிறமான நீள்பூசணி அது. அவித்துப் பிளந்து முள்ளுக்கரண்டியாற் கீறினால் உட்சதை குழைந்து போகாது, இடியப்பம் போல இழையிழையாகப் பிரிந்து வரும். அதற்கு உரலும் வேண்டியதில்லை, அச்சும் வேண்டியதில்லை. இயற்கையே பிழிந்து உள்ளே வைத்திருக்கின்றது.

இக்காயின் வரலாறும் சுவையானது. இதன் இனமாகிய பூசணியை மெக்சிக்கோ நாட்டில் ஏறத்தாழ 10,000 ஆண்டுகளுக்கு முன்னரே மக்கள் பயிரிட்டனர் என்பது அங்குள்ள குகைகளில் அகழ்ந்தெடுத்த விதைகளாற் புலனாகின்றது. 1492இல் கொலம்பசு அமெரிக்கக் கரையை அடைந்த பின்னரே அவ்வினம் கடல் கடந்தது. நூலாகப் பிரியும் இவ்வகையைப் பேணியோர் கீழைநாட்டார். சீனத்தின் சோங்மிங் தீவில் இது பெயர்பெற்ற காய். யப்பானியர் தம் மெல்லிய கோதுமை நூலாகிய சோமெனின் பெயரால் இதனைச் சோமென் கபோச்சா என்று அழைப்பர். 1930களில் இதன் விதை யப்பானிலிருந்து ஐக்கிய அமெரிக்காவுக்குச் சென்றது. தான் பிறந்த கண்டத்துக்கே உலகைச் சுற்றி மீண்ட காய் இது.

அந்நிய நாட்டுக் காய் நமக்கெதற்கு என்று சிலர் முகஞ்சுளிக்கலாம். நம் கறிச்சட்டியில் நாளும் வேகும் மஞ்சட் பூசணியும் அவ்வாறு வந்ததே. தமிழகத்தில் அதற்குப் பரங்கிக்காய் என்று பெயர். பரங்கியர் காலத்தில் வந்தமையை அப்பெயரே பறைசாற்றும். மிளகாயும் பப்பாசியும் அவ்வழி வந்தவையே. கோதுமையோ இன்றுவரை நம் மண்ணில் விளைபயிர் ஆகவில்லை. கப்பலில் வந்திறங்கும் அத்தானியத்தை அரைக்க 1980இல் திருக்கோணமலையில் ஒரு பேராலையே தொழிற்படத் தொடங்கியது. ஆதலால் காயின் பிறப்பிடம் பற்றிய வழக்கை ஒதுக்கிவிட்டு அதன் பயனையே ஆராய்வோம்.

கணக்கைப் பார்ப்போம். அவித்த ஸ்பகெட்டி 100 கிராமில் ஏறத்தாழ 158 கலோரியும் 31 கிராம் மாச்சத்தும் உண்டு. அவித்த நூற்பூசணி 100 கிராமில் 27 கலோரியும் ஆறரைக் கிராம் மாச்சத்துமே உண்டு. பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அது வெறும் நீர். ஒருவர் ஒரு வேளைக்கு 250 கிராம் ஸ்பகெட்டி உண்பதாகக் கொண்டால், 395 கலோரியும் 77 கிராம் மாச்சத்தும் உட்செல்லும். அதே நிறையில் நூற்பூசணி உண்டால் 68 கலோரியும் 16 கிராம் மாச்சத்துமே செல்லும். உணவின் பின் குருதியில் ஏறும் சீனியை அடக்க விரும்புவோர்க்கு இது சிறு வேறுபாடன்று.

ஆயினும் ஒரு பக்கத்தை மட்டும் சொல்லி மறுபக்கத்தை மறைத்தல் முறையன்று. முதலாவது, நூற்பூசணியில் நார்ச்சத்து மிக மிகுதி என்று பலர் எண்ணுவர். 100 கிராமில் அஃது ஒன்றரைக் கிராமளவே. ஸ்பகெட்டியிலும் ஏறத்தாழ அவ்வளவு உண்டு. நூலாகப் பிரிவதெல்லாம் நார்ச்சத்து ஆகிவிடாது. இரண்டாவது, ஸ்பகெட்டியில் 100 கிராமுக்கு ஆறு கிராமளவு புரதம் உண்டு. பூசணியில் ஒரு கிராமும் இல்லை. எனவே பூசணியை மட்டும் உண்டவர் இரண்டு மணி நேரத்திற் பசித்து, பிஸ்கற்றுப் பெட்டியைத் தேடுவார். மீனோ முட்டையோ பருப்போ கடலையோ உடன் சேர்ந்தாலன்றி அது ஒரு வேளை உணவாகாது. மூன்றாவது, ஸ்பகெட்டி நாம் அஞ்சுமளவு கொடியதும் அன்று. கடினக் கோதுமையாற் செய்து, சற்று விறைப்பாக அவித்த ஸ்பகெட்டி, வெள்ளைப் பாணைக் காட்டிலும் மெதுவாகவே சீனியாக மாறுகின்றது. குற்றம் பெரும்பாலும் அதன் அளவிலும் அதன்மேல் ஊற்றும் குழம்பிலுமே உள்ளது. கட்டித் தேங்காய்ப் பாலில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 230 கலோரி உண்டு. பூசணியால் மிச்சம்பிடித்த கலோரியை முதற்பாலாக ஊற்றி முடித்தால் கணக்குத் தீராது.

குரக்கன் மாவைப் பற்றியும் ஒரு சொல் கூற வேண்டும். அது நல்ல தானியம். சுண்ணாம்புச் சத்தும் நார்ச்சத்தும் மிக்கது. ஆனால் குரக்கனென்றால் எவ்வளவும் உண்ணலாம் என்ற எண்ணம் நம்மிடையே வேரூன்றிவிட்டது. அதன் மாவிலும் நூற்றுக்கு எழுபது பங்குக்கு மேல் மாச்சத்தே. தானியத்தை மாற்றினால் ஓரளவு நன்மை உண்டு. அளவைக் குறைத்தாலோ அதனினும் பெரிய நன்மை உண்டு.

நூற்பூசணி நம் சந்தையில் வெண்டியும் கத்தரியும் போலக் குவிந்து கிடக்கும் பொருள் அன்று. அது கிடையாதவர் மனந்தளர வேண்டா. நீரும் நாரும் மிக்க எந்தக் காயையும் மெல்லிய நூலாக அரிந்து அதே வேலையை வாங்கலாம். இளம் புடலங்காயை விதை நீக்கி நீளவாட்டில் அரிந்தால் அருமையான நூல் வரும். பப்பாசிக்காயைத் துருவலாம், கருவுற்ற தாய்மார் அதனைத் தவிர்த்தல் நலம். இளம் பிலாக்காயை அவித்து இடித்தால் இழைகள் தாமே பிரியும். நம் மஞ்சட் பூசணி மட்டும் இதற்கு உதவாது, வெந்ததும் களியாகிவிடும்.

முழுவதையும் ஒரே நாளில் மாற்றாது, பாதிக்குப் பாதி கலத்தலே நாம் பரிந்துரைக்கும் வழி. 125 கிராம் ஸ்பகெட்டியோடு 125 கிராம் நூற்பூசணியைக் கலந்தால், தட்டு நிறைந்தே இருக்கும். மாச்சத்து மட்டும் 77 கிராமிலிருந்து 47 கிராமாக இறங்கும். இடியப்பத்துக்கும் இதுவே விதி. எட்டு உண்பவர் நான்கு உண்டு, மீதி இடத்தைப் புடலங்காய்ச் சுண்டலால் நிரப்பட்டும்.

செய்முறையும் எளிதே. நூற்பூசணியை நீளவாட்டிற் பிளப்பது பலர் வழக்கம். அதன் இழைகள் காயைச் சுற்றி வளையமாக ஓடுகின்றமையால், குறுக்காக வளையம் வளையமாக வெட்டினாலே நீண்ட நூல் கிடைக்கும். விதையைச் சுரண்டி எடுத்துவிட்டு, இடியப்பம் அவிக்கும் பாத்திரத்தில் வைத்து 15 முதல் 20 நிமிடம் அவிக்க வேண்டும். கத்தி முனை இறங்கும் பதத்தில் இறக்கிவிடுக. மிகுதியாக வெந்தால் நூல் குழைந்துவிடும். ஆறியபின் முள்ளுக்கரண்டியாற் பிரித்துச் சற்று நீர் வடியவிடுக. தாச்சியில் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டு உள்ளி, வெண்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை தாளித்து, இரண்டு தக்காளிப்பழத்தை வதக்கி, முள் நீக்கிய மீனையோ அவித்த கடலையையோ சேர்த்து, கடைசியில் நூலைப் போட்டு ஒருமுறை பிரட்டி இறக்குக. தேசிப்புளி சில துளி விட்டால் காயின் இலேசான இனிப்புக்குப் பொருந்தும். சைவ உணவுக்காரர் கடலையோடு நின்றுகொள்ளலாம்.

மூன்று எச்சரிக்கைகளை இங்கே சொல்லாமல் விடுதல் தகாது. இன்சுலின் ஏற்றுவோரும், கிளிக்ளசைட் போன்ற குளிசை உட்கொள்வோரும், வழமையான மாவுணவை ஒரேயடியாக நிறுத்திக் காய்க்கு மாறினால், மருந்து தன் வேலையைச் செய்ய, குருதியிற் சீனி அளவுக்கு மீறித் தாழ்ந்துவிடும். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று, ஈற்றில் நினைவிழப்பு என்று அது முடியலாம். அத்தகையோர் வைத்தியரிடமோ சிகிச்சை நிலையத்திலோ சொல்லிய பின்னரே மாற்ற வேண்டும். சிறுநீரக நோயுள்ளோரும் அவ்வாறே கேட்டறிய வேண்டும். இறுதியாக, பூசணி, சுரை, பீர்க்கு ஆகிய இவ்வினக் காய்களுள் கைப்பற்ற இயல்புடைய ஒன்று கடுங்கைப்பாக இருந்தால் அதனைத் துப்பிவிட்டு முழுச் சட்டியையும் கொட்டிவிடுக. அக்கைப்பு நஞ்சாகும், வேகவைத்தாலும் போகாது. 2015இல் ஜெர்மனியில் வீட்டுத் தோட்டத்துக் கைப்புக் காயை உண்ட முதியவர் ஒருவர் உயிரிழந்தார்.

விதை கிடைப்போர் வளவிலே நட்டும் பார்க்கலாம். நம் கரையோர மணலுக்குச் சாணமும் இலையெருவும் நிறையச் சேர்த்து, நீர் தேங்காமற் பார்த்தால், நட்ட மூன்று மாதமளவிற் காய் முற்றும். தோல் பொன்னிறமாகி, நகம் இறங்காதபோது பறிக்கலாம். வண்டு வாராவிடின் காலையில் ஆண்பூவின் மகரந்தத்தைப் பெண்பூவில் தடவிவிடுக. அலங்காரப் பூசணி அருகே நின்றால் அக்காயின் விதையை எடுத்து மறுமுறை நடாதீர். மேற்சொன்ன கைப்பு அவ்விதக் கலப்பினாலும் வரும்.

எல்லாவற்றினும் மேலாக ஒன்று. நம் இல்லங்களில் சீனி வருத்தக்காரருக்கென்று ஒரு மூலையிற் சிறு சட்டி வேறாக வைக்கப்படுகின்றது. மற்றையோர் மணக்க மணக்க உண்ண, அப்பாவோ அம்மம்மாவோ உப்புச் சப்பற்ற எதையோ உண்டெழுகின்றார். பத்து நாள் பொறுப்பார். பதினோராம் நாள் யாருமறியாமற் சட்டியைத் திறப்பார். அதன்பின் அவரைக் கடிந்து பயனில்லை. பாதிக்குப் பாதி என்ற இவ்வழி வீட்டார் அனைவருக்கும் ஒரே சட்டியில் ஆக்கத்தக்கது. நோயுற்றவர்க்கு அது மருந்து. நோயின் வாசலில் நிற்பவர்க்குக் காவல். பிள்ளைகளுக்கு நல்ல பழக்கம். பிள்ளைகளிடம் அதனை ஸ்பகெட்டி என்று பொய் சொல்லவும் வேண்டா. காயென்றே சொல்லிப் பரிமாறுக. சுவை நன்றாயின் உண்பர்.

நூற்பூசணி கிடைத்தாலென்ன, புடலங்காயோடு நின்றாலென்ன? தட்டில் மாவுக்குரிய இடத்திற் பாதியைக் காய்க்கு விட்டுக்கொடுக்கும் குடும்பம், தன் முதியோரின் கண்ணையும் காலையும் சிறுநீரகத்தையும் காக்கும் பெரும்பணியில் ஒரு பங்கை நாள்தோறும் செய்ததாகும். வருகின்ற ஞாயிறு மதியமே அதனைத் தொடங்கலாமே!